பொம்மை நம் கையில், அச்சு யார் கையில்?

முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளை அருகில் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் வேலை மும்முரமான மாதங்களில் விரல்நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை இருந்த இடமே மங்கிப்போகும். ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றிய ஊர்களில் இந்தக் கைகள் உண்டு. விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் வேறு விதமாகத் தேய்ந்த கைகள் உண்டு. மண்கூழை அச்சில் ஊற்றி, பொம்மையைப் பிரித்தெடுத்து, ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் நாள் முழுக்க வழித்துக்கொண்டிருக்கும் கைகள்.

மாதம் ஒருமுறை இந்த விரல்கள் ரேஷன் கடைக் கருவியின் சின்னக் கண்ணாடியில் அழுந்துகின்றன. 2020இன் கடைசியில் கைரேகைச் சரிபார்ப்பு வந்த நாள்முதல் இந்தக் காட்சி வரிசையில் நிற்பவர்களுக்குப் பழகிவிட்டது. ஆட்காட்டி விரலை ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். கட்டைவிரல். இடது கை. பிறகு ஓடிபி. அட்டையில் இருக்கும் போன் நம்பரோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனுடையது. அவன் ஷிப்டில் இருக்கிறான், எடுக்கவில்லை. "நாளைக்கு வாங்கம்மா" என்கிறார் விற்பனையாளர். அவர்மேல் குற்றமில்லை. அவருக்கும் அந்த அம்மாவை இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் தெரிந்த முகத்துக்கு அரிசி போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. அந்த அம்மாவின் ஒரு நாள் கூலி போனது போனதுதான்.

முடியாது என்ற அந்தப் பதில் எங்கே முடிவானது? கையிலிருக்கும் கருவியிலா, நடுவில் அறுந்த இணையத்திலா, எங்கோ ஒரு சர்வரில் விரலை விரலோடு ஒப்பிட்ட கணக்கிலா? "மெஷின் எடுக்கலை" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் யாரிடமும் விளக்கம் கிடையாது. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கத்தை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவோம். குறை தீர்ந்ததும் போய்ப் பிராதைத் திரும்பப் பெறுவோம். தெய்வத்திடமே எழுத்தில் முறையிட்டு எழுத்தில் முடித்துக்கொள்ளும் மக்களுக்கு, ஒரு கருவி சோறு மறுத்ததற்கு மட்டும் எழுத்தில் எந்தச் சாட்சியும் இல்லை.

இந்த இடத்தில் மென்பொருள் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது. செராமிக் தெரிந்த ஊருக்கு அதைச் சொல்வது கடினமல்ல. கடையில் வாங்கிய பொம்மையை எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் உள்ளே என்ன மண், எத்தனை கனம், எங்கே காற்றுக் குமிழி என்று முழுதாகத் தெரியாது. அச்சைப் பார்த்தவனுக்குத் தெரியும். அச்சு கையில் இருந்தால் மூக்கு கோணலாக வந்தால் செதுக்கித் திருத்தலாம், பக்கத்துப் பட்டறைக்குக் கொடுக்கலாம், அவர்கள் அதில் தங்கள் கைவேலையைச் சேர்க்கலாம். போனில் இருக்கும் செயலி பொம்மை. மனிதர் படிக்கும் வடிவில் எழுதப்பட்ட மூலநிரல் அச்சு. அச்சைப் பூட்டி வைத்துக்கொண்டு பொம்மையை மட்டும் தருவது ஒரு வகை. அச்சையும் சேர்த்துத் தந்து, எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்து, பிரித்துப் படி, திருத்து, பிறருக்குக் கொடு என்று நான்கு உரிமைகளையும் எழுதித் தருவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்துத் தொடங்கிவைத்த இயக்கம் அது. இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களையும் நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளத்தையும் தாங்கும் லினக்ஸ் அந்த வழியில் வளர்ந்ததுதான்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் விடுதலையையும் குறிப்பதால் அந்த இயக்கம் நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்று நம் மொழியே பிரித்துத் தருகிறது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்துக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் என்றே பெயர். ஆரம்பத்தில் தந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. விலையில்லாப் பெட்டிக்குள் கட்டற்ற ஒன்றையும் வைத்துக் கொடுத்த நல்ல காரியம் அது. நாம்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை. பல வீடுகளில் முதல் வாரமே லினக்சை அழித்துவிட்டு விண்டோசை மட்டும் போட்டுத் தரச் சொன்னோம். சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்கும் பயிற்சி போதவில்லை. இதில் அரசை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசு நம் கையில் ஒரு செயலியைத் திணிக்கும்போது இந்தப் பூட்டிய அச்சு வேறு பொருள் பெறுகிறது. பிடிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம். அரசுக்கு அடுத்த அரசு கிடையாது. 2020 ஏப்ரல் 2 அன்று ஆரோக்கிய சேது வந்தது. யார் பக்கத்தில் யார் இருந்தார் என்று புளூடூத் வழியாகவும், எங்கே இருந்தார் என்று இருப்பிடத் தகவல் வழியாகவும் அறியும் செயலி. மே மாதத் தொடக்கத்தில் அலுவலக ஊழியர்களுக்கு அது கட்டாயமானது. அப்போது அதன் மூலநிரலை யாரும் பார்க்க முடியாது; பிரித்து ஆராயக் கூடாது என்று விதிமுறையிலேயே இருந்தது. வழக்கறிஞர்களும் நிரலாளர்களும் தொடர்ந்து கேள்வி எழுப்பியபின் மே 26 அன்று ஆண்ட்ராய்டு வடிவத்தின் நிரலை அரசே வெளியிட்டது. வெளியிட்டதால் நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை. மாறாக, பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு என்று அரசே அறிவித்தது. திறந்து வைக்க முடியும் என்பதற்கு நம் அரசே தந்த சான்று அது. சர்வர் பக்கத்து நிரல் அன்று வெளிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது இன்னும் அண்மையில் நடந்தது. 2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை போன் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் விற்கும் புதிய ஸ்மார்ட்போன்கள் எல்லாவற்றிலும் 90 நாட்களுக்குள் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும். அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது. தொலைந்த போனைக் கண்டுபிடிக்கவும், நம் பெயரில் யாரோ வாங்கிய சிம்மை அறியவும் அந்தச் செயலி உதவுகிறது, உதவியும் இருக்கிறது. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி முதியவர்களின் ஆயுட்காலச் சேமிப்பைப் பறிக்கும் கூட்டத்தை அரசு தடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பையிலிருக்கும் போனுக்குள், நாம் கேட்காமல், அச்சு காட்டாமல், நீக்க விடாமல் ஒன்றை வைப்பது அந்த நோக்கத்தைத் தாண்டிய காரியம். பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. உத்தரவுக்கும் பின்வாங்கலுக்கும் நடுவே ஒரு வாரம்கூட ஆகவில்லை. மக்கள் பேசினால் அரசு கேட்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அண்மையில் இல்லை.

சீனாவில் 2009இல் இதே போல எல்லாப் புதுக் கணினிகளிலும் 'கிரீன் டாம்' என்ற வடிகட்டி மென்பொருள் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. குழந்தைகளைக் காக்க என்றார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பிரித்துப் பார்த்தபோது, அது நிறுவப்பட்ட கணினிக்குள் வெளியாட்கள் எளிதில் புகுந்துவிடலாம் என்று தெரிந்தது. ஜூலை 1 முதல் அமலாக வேண்டிய ஆணை அதற்கு முதல் நாள் தள்ளிவைக்கப்பட்டது. பூட்டிய பெட்டி அரசுக்கு மட்டும் வழிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. திருடனுக்கும் அதே வழிதான்.

கட்டாயப்படுத்துவது ஒரு முகம் என்றால் தடுப்பது இன்னொரு முகம். எந்த ஊர் செல்போன் கடையிலும் படம் பார்க்கப் போட்டுத் தரும் விஎல்சி, பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். 2022 பிப்ரவரியில் அதன் இணையதளம் இந்தியாவில் திறக்காமல் போனது. காரணம் அதை உருவாக்கியவர்களுக்கும் சொல்லப்படவில்லை, பயன்படுத்திய நமக்கும் சொல்லப்படவில்லை. சட்ட அறிவிக்கை அனுப்பியபின் நவம்பரில் தடை நீங்கியது. 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று 14 செயலிகள் நாடு முழுக்கத் தடுக்கப்பட்டன. அவற்றில் எலிமெண்ட், பிரையர் இரண்டும் கட்டற்றவை. பயங்கரவாதத்தை எதிர்க்கும் அரசின் கடமையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிரையர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். டவர் இல்லாவிட்டாலும் பக்கத்துப் போனுக்குப் புளூடூத் வழியே செய்தி போகும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை நாம் மறக்கவில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பம் நட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆனது. அடுத்த தெருவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று நடந்து போய்ப் பார்த்தோம். அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்கக் கூடிய ஒன்றை, தடைக்கு எதிராக நம் தரப்பைச் சொல்லவும் இடம் தராமல் எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஸ்ரீமுஷ்ணத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மண்ணில் அரசுக்கும் குடிகளுக்கும் நடந்த வழக்கு புதிதல்ல. விஜயநகர ஆட்சியில் 1429ஆம் ஆண்டு, விருத்தாசலத்திலும் காவிரிப் பக்கத்துக் கொறுக்கையிலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்ற குடிகள் ஒன்றுகூடி, முறையற்ற வரியைத் தரமாட்டோம் என்று எடுத்த முடிவை அவை சொல்கின்றன. இதுவரை நாம் ஒன்றுபடாததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்று அவர்களே உணர்ந்து சொன்னதைக் கொறுக்கைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியைத் தருவோம் என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். அரசே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்ரீமுஷ்ணம் கல்வெட்டு இன்னொரு கதையைச் சொல்கிறது. ஒவ்வோர் ஆட்சி தொடங்கும்போதும் அதிகாரிகள் கட்டாயக் காணிக்கை பறித்ததால் குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள், கோயில்களில் பூசையும் திருவிழாவும் நின்றன, பிறகு ஆணையிட்டு அந்த வசூல் நிறுத்தப்பட்டது.

கல்வெட்டு படிக்கும் அறிஞர்கள் வரியையும் சாதியையும் ஆராய்வார்கள். எனக்கு உறைப்பது அந்த ஆணை எங்கே எழுதப்பட்டது என்பதுதான். கருவூலத்து ஓலையில் மட்டும் இருந்திருந்தால் அடுத்த அதிகாரி வந்ததும் அது காணாமல் போயிருக்கும். பொதுவிடத்தில், கல்லில், படிக்கத் தெரிந்த எவரும் படித்துப் படிக்கத் தெரியாதவருக்குச் சொல்லும்படி வெட்டினார்கள். இன்று ஓர் அம்மாவுக்கு அரிசி உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் விதி சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை. கருவிக்குள் ஓடும் நிரலிலும் இருக்கிறது. எத்தனை தடவை முயலலாம், எவ்வளவு பொருந்தினால் போதும், பொருந்தாவிட்டால் அடுத்து என்ன என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து நம் கண்ணுக்குப் படும் இடத்தில் இல்லை.

ராஜஸ்தானில் 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பின் பின்னால் திரண்ட கூலித் தொழிலாளர்கள் கேட்டதும் இதைத்தான். எங்கள் பெயரில் எழுதிய வருகைப் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். ஊர்நடுவே உரக்கப் படித்தபோது செத்தவர் பெயரில் கூலி எடுத்தது வெளியே வந்தது. அந்தப் போராட்டத்தின் வழியில்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பிறகு பதிவேடு செயலியானது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் பணித்தளப் பொறுப்பாளர் நாளைக்கு இரண்டு முறை எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றானது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறவில்லை என்றால் உழைத்த நாள் கேள்விக்குறியாகும். தாளைக் காட்டு என்று கேட்டு வென்ற தலைமுறைக்குப் பின் வந்த நாம், நிரலைக் காட்டு என்று கேட்பதற்குத் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

திறந்த நிரல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. வட கொரிய அரசின் ரெட் ஸ்டார் இயங்குதளம் லினக்சின்மேல் கட்டப்பட்டதுதான். ஒருவர் கணினியில் திறக்கும் கோப்பில் அவரறியாமல் அடையாளக்குறி பதித்து, அது யார் யார் கை மாறியது என்று பின்தொடர அதில் வழி வைத்திருப்பதை 2015இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டற்ற கருவியைக் கொண்டும் விலங்கு செய்யலாம். ஆகவே நிரலுக்குப் பக்கத்திலேயே சட்டமும் நீதிமன்றமும் வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தனிமை அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மீறாத அளவில் இருக்க வேண்டும் என்றும் வரம்பு வந்தது. பூட்டிய பெட்டிக்கு அந்த மூன்றாவது வரம்பை எப்படி வைத்து அளப்பது? அளவுக்கு மீறியதா என்று அறிய அளவைப் பார்க்க வேண்டுமே.

அரசுகளுக்கு இது முடியாத காரியமும் அல்ல. சுவிட்சர்லாந்தில் 2024 ஜனவரி 1 முதல் அமலிலுள்ள சட்டம், கூட்டரசு தன் பணிக்காக எழுதவைக்கும் மென்பொருளின் மூலநிரலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புக் காரணமோ பிறர் உரிமையோ குறுக்கிட்டால் மட்டும் விலக்கு. பக்கத்துக் கேரளம் பள்ளிக் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளில் நடத்திக் காட்டியது. நம் மத்திய அரசும் 2015இலேயே மூலநிரல் திறந்த (திறமூல) மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், அதிகாரி சி. உமாசங்கர் அதன் பொறுப்பில் இருந்தபோது, லினக்சை நோக்கித் துணிந்து நடந்தது. ஆள் மாறினால் கொள்கை மாறும் என்ற நிலைதான் நம் குறை. கல்லில் வெட்டாத ஆணையின் கதி அது.

நம் பங்கு என்ன என்று கேட்டால், முதலில் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இ-சேவை மையத்தில் போனையே கழற்றி மேசைமேல் வைத்து "நீயே பாத்துப் போட்டுக்கப்பா" என்கிறோம். ஓடிபியை வரிசை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறோம். ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகலை மறந்துவிட்டு வருகிறோம். எந்தச் செயலி எதைக் கேட்டாலும் அனுமதி கொடுத்துவிட்டுத் தாண்டுகிறோம். நம் தனிமையை நாமே மதிக்காதபோது அரசு மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பலம் இருக்காது. மையத்தை நடத்தும் இளைஞர்கள், அவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள், கணினித் திரையில் வைத்திருக்கும் ஊராரின் சான்றிதழ்களை அன்றன்று அழித்துவிடும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.

கற்றுக்கொள்ள வழி தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் பல வருஷமாகப் பயிற்சி தருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்சையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசுக் கலைக் கல்லூரியிலும் சுற்றுவட்டாரப் பாலிடெக்னிக்குகளிலும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரேஷன் கருவியின் நிரல் நாளை திறக்கப்பட்டால் அதைப் படித்து, இது ஏன் முந்திரி உடைக்கும் கையை மறுக்கிறது என்று ஊருக்குச் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும். படிக்க ஆள் இல்லாத கல்வெட்டு வெறும் கல்தான் என்று அரசு பதில் சொல்ல இடம் தரக் கூடாது.

வியாபாரிகள் சங்கம், நெசவாளர், செராமிக் பட்டறைக்காரர், விவசாயிகள், எல்லாக் கட்சிகளின் ஊர்ப் பொறுப்பாளர்கள் இதில் ஒரே பக்கம் நிற்க முடியும். யார் ஆட்சிக்கு வந்தாலும் கருவி அதே கருவிதான். இன்று ஆளும் கட்சி நாளை எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போது அதே போனைத்தான் பையில் வைத்திருக்கும்.

பேரூராட்சியின் அடுத்த பகுதி சபையில் வைக்க ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். மாநில அரசு பொதுமக்களின் பணத்தில் எழுதவைக்கும் மென்பொருளின் நிரலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். அது சென்னையில் முடிவாக வேண்டிய விஷயம், நாளாகும். நம் ஊரிலேயே தொடங்கக் கூடிய இன்னொன்றும் இருக்கிறது. கருவி மறுத்தால், எந்த நாள், எத்தனை மணி, என்ன காரணம் என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டைப் பொருள் கிடைக்காதவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். சீட்டோடு மறுநாள் வந்தவரை வரிசையில் நிறுத்தாமல், கைப்பதிவேட்டில் எழுதிப் பொருள் தர வேண்டும்.

கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமை காலை தேரடியில் மேசை போட்டிருப்போம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். ரேகை சரியாக விழவில்லை என்று அங்கே யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.